பெக்டரித் தாள்களுக்கு டெம்ப்ளேட்: எதை வைப்பது, எதை எடுப்பது?

மடுவத்துத்தம்பி (ஹட்டன் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். தேயிலை பெக்டரி ஒன்றில் மெயின்டனன்ஸ் பக்கம் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். அடுத்த ஓடிட்டுக்கு முன்னால் எல்லாத் தொழில்நுட்பத் தாள்களையும் ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவரச் சொல்லி ஒபிஸில் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு வாரமாக இருக்கிறதையெல்லாம் சேர்த்தேன். பழுது ரிப்போர்ட் மட்டும் நான்கு வடிவத்தில் கிடக்கிறது. ஒன்று டைப்ரைட்டர் காலத்தது. கொப்பிக்குக் கொப்பி எடுத்து எடுத்து, கோடே பாதி அழிந்துவிட்டது. கொழுந்தை உருட்டும் றோலரை ஓட்டும் முறைக்கு இரண்டு தாள், இரண்டிலும் வேறு வேறு நேரம். எது பிந்தியது என்று பார்க்கலாம் என்றால் இரண்டிலும் தேதி இல்லை.

சரி என்று நெட்டில் இருந்து ஒரு பழுது ரிப்போர்ட் டெம்ப்ளேட் எடுத்தேன். மூன்று பக்கம், 27 கட்டம். இரவு ஷிஃப்ட் ஃபிட்டர் அண்ணனிடம் கொடுத்தேன். காலையில் வந்த தாளில் மெஷின் பெயர், தேதி, அப்புறம் "மோட்டர் பழுது. சரி செய்தாச்சு". மீதி 24 கட்டத்திலும் கோடு இழுத்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. 'மூலக் காரணம்', 'திருத்த நடவடிக்கை', 'தடுப்பு நடவடிக்கை' என்று அதில் மூன்று கட்டம். மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் கேட்டபோது என்னாலும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். எத்தனை கட்டம் வைக்கலாம்? தமிழிலா, இங்கிலீஷிலா? வேர்டா, எக்செலா?

பழைய டீமேக்கர் (லிந்துலை)

தம்பி, எத்தனை கட்டம் என்பதைப் பிறகு பார்க்கலாம். இப்போது இருக்கிற ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் "இதை யார் வாசிக்கிறார், வாசித்து என்ன செய்வார்" என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். பதில் வராத கட்டத்தை வெட்டிவிடுங்கள்.

ஒரு சங்கதி சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு பெக்டரியில் தேயிலை காய வைக்கிற ட்ரையருக்கு, ட்ரையர் லொக் என்று ஒரு பெரிய தாள் இருந்தது. அரை மணிக்கு ஒருமுறை 11 எண் எழுத வேண்டும். ஒரு நாள் விடியற்காலை உள்ளே போகும்போதே தீய்ந்த மணம். தாளை எடுத்துப் பார்த்தேன். இரவு 10 மணியிலிருந்து 4 மணி வரை உள்காற்று, அதாவது ட்ரையருக்குள் போகிற காற்றின் சூடு, 200, 200, 200. வெளியே வருகிற வெளிக்காற்று 130, 130, 130. பதின்மூன்று வரியும் ஒரே பேனை, ஒரே சாய்வு. கடைசி வரியில் மட்டும் மை கொஞ்சம் மங்கியிருந்தது. ஒரே இருப்பில் உட்கார்ந்து எழுதியது.

அவருக்கு அன்றைக்கு நல்ல ஏச்சு கிடைத்தது. அடுத்த இரவு நான் அவரோடு நின்றேன். தூள் (உருட்டிய ஈரக் கொழுந்து) போடுவது, தட்டில் பரவலைப் பார்ப்பது, அடுப்புக்காரருக்குக் குரல் கொடுப்பது என்று எல்லாமே அவர் ஒருவர். 11 எண்ணையும் உண்மையாகப் பார்த்து எழுதினால் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போகிறது. அந்தத் தாளைச் சரியாக நிரப்பிக்கொண்டே ட்ரையரையும் பார்க்க எந்த மனிதனாலும் முடியாது. பொய் எழுத வைத்தது தாள்தான்.

புதுத் தாளில் நான்கு இடம் மட்டும் வைத்தோம். நேரம், உள்காற்று, வெளிக்காற்று, "என்ன செய்தீர்கள்". வெளிக்காற்றை விட முடியாது, ஏனென்றால் தேயிலை என்ன பாடு படுகிறது என்பதை அதுதான் சொல்லும். அது இறங்கினால் ஈரத் தூள் தடிப்பாகப் போகிறது, தேயிலை காயாமல் அவிந்துவிடும். ஏறினால் தூள் மெலிந்துவிட்டது, மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். ஆகவே அந்த வரிசையின் தலைப்பிலேயே அச்சடித்தோம்: "125க்குக் கீழே போனால் தூளைக் குறை. 135க்கு மேலே போனால் தூளைக் கூட்டு, அடுப்பைப் பார்." தலைப்பே வேலை சொல்லிக்கொடுத்தது. அதன் பிறகு 127, 131, 128 என்று உண்மையான எண்கள் வர ஆரம்பித்தன.

இன்னொன்று. எண்ணுக்குப் பக்கத்தில் அலகை அச்சடியுங்கள். எங்கள் பழைய டயல் எல்லாம் ஃபரனைட். ஒரு ட்ரையருக்கு மட்டும் செல்சியஸ் டயல் வந்தது. புதுப் பையன் 93 என்று எழுதினான், சரியாகத்தான் எழுதினான், 200 ஃபரனைட் என்பது 93 செல்சியஸ்தான். அடுத்த ஷிஃப்ட்காரர் தாளைப் பார்த்துவிட்டு, அடுப்பு அணைந்துவிட்டது என்று விறகை அள்ளிப் போட்டார்.

நோர்வூட் ஃபிட்டர்

"மோட்டர் பழுது, சரி செய்தாச்சு" என்று எழுதுகிற ஆள்தான் நானும். ஏன் அப்படி எழுதுகிறோம் என்று சொல்கிறேன்.

இரவு 2 மணிக்கு மெஷின் நின்றால் உருட்டிய கொழுந்து எங்களுக்காகக் காத்திருக்காது. ஃபெர்மென்டேஷன் ஓடிக்கொண்டே இருக்கும். எப்படியாவது ஓட வைத்தால் போதும் என்று நிற்போம். முடித்த பிறகு கை முழுக்க கிரீஸ், அந்தக் கையோடு மூன்று பக்கம் யார் எழுதுவது?

ஆனால் அந்த ரிப்போர்ட் இல்லாமல் அடி வாங்கியதும் நான்தான். போன வருடம் ட்ரொஃப் (கொழுந்து வாட்டும் தொட்டி) ஃபேன் மோட்டர் ஒன்று நின்றது. அதே மோட்டர் அதற்கு முந்தின வருடமும் நின்றது, வேறு ஒருவர் செய்திருந்தார். ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். "பெயரிங் மாற்றப்பட்டது" என்று இருந்தது. எந்த பெயரிங்? கழற்றிப் பார்த்துத்தான் 6308 என்று தெரிந்தது. விடியும் வரை இருந்து, டவுனில் கடை திறந்த பிறகு போய் வாங்கி வந்தோம். அந்த ட்ரொஃப்பில் கிடந்த கொழுந்து என்ன ஆனது என்று டீமேக்கர் ஐயாவுக்குத் தெரியும்.

அதனால் தம்பி, "பாவித்த சாமான்" என்று பொதுவாக ஒரு கட்டம் வைக்காதீர்கள். "பெயரிங் எண், வெட்டியிருக்கிறபடி முழுதாக" என்று கேளுங்கள். 6308 என்றால் கடைசி 08ஐ ஐந்தால் பெருக்கினால் 40, அதுதான் ஷாஃப்ட் போகிற ஓட்டை, 40 மில்லிமீட்டர். அது எல்லோருக்கும் தெரியும். எண்ணுக்குப் பின்னால் வாலில் இருக்கிற எழுத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். இசட்இசட் என்றால் இரண்டு பக்கமும் தகர மூடி, டூஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி, சி3 என்றால் உள்ளே இடைவெளி கொஞ்சம் கூட. சூடாகிற மோட்டருக்கு சி3 இல்லாததைப் போட்டால் விரிகிற நேரம் இறுகிப் பிடிக்கும். வாலை எழுதாத ரிப்போர்ட்டால் இன்னொரு மோட்டர் போகும்.

'காரணம்' என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். தாளில் காரணம் என்று இருந்தால் எங்கள் ஆட்களுக்கு "யார் குற்றம்" என்று கேட்பது போல இருக்கும். கோடுதான் வரும். "நிற்பதற்கு முன்னால் என்ன சத்தம், என்ன மணம், எங்கே சூடு?" என்று கேட்டுப் பாருங்கள், எல்லோரும் எழுதுவார்கள். அதிலிருந்து காரணத்தை நீங்கள் பகலில் உட்கார்ந்து கண்டுபிடிக்கலாம்.

மடுவத்துத்தம்பி

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. 'காரணம்' என்ற சொல்லைப் பற்றிச் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பழைய ரிப்போர்ட்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். காரணம் கட்டத்தில் பாதிக்கு மேல் "தேய்மானம்" என்று ஒரே சொல்.

ராகலை அக்கா (இப்போது கொழும்பில்)

நான் பிறந்தது தோட்ட லயத்தில், இப்போது கொழும்பில் சொஃப்ட்வெயாருக்குத் தொழில்நுட்ப ஆவணம் எழுதும் வேலை. தம்பியின் பட்டியலைப் பார்த்தால் மூன்று வகைத் தாளை ஒரே வகையாக நினைத்து டெம்ப்ளேட் போடப் போகிறீர்கள் என்று பயமாக இருக்கிறது. லொக் என்பது ஓடுகிற நேரத்தில் நிரப்புவது. ரிப்போர்ட் நடந்து முடிந்ததைச் சொல்வது. செய்முறைத் தாள் இனிச் செய்யப் போகிறவருக்கு. மூன்றுக்கும் ஒரே தலைப்பட்டி போதும், உள்ளே ஒரே அச்சு பொருந்தாது.

செய்முறைத் தாளுக்கு நான் பிடிவாதமாக வைத்திருக்கிற விதி, எச்சரிக்கை படிக்கு முன்னால் வர வேண்டும் என்பது. "மூடியைக் கழற்றவும். கழற்றும் முன் மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்டவும்" என்று எழுதிய தாள்களை நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வரியாகச் செய்துகொண்டு போகிறவர் முதல் வரியை வாசிக்கும்போதே மூடியில் கை வைத்துவிடுவார். டெம்ப்ளேட்டிலேயே ஒவ்வொரு படிக்கும் மேலே எச்சரிக்கைக்கு ஒரு வரி வைத்துவிட்டால் எழுதுபவர் மறக்க முடியாது. ஒரு படிக்கு ஒரு வேலைதான், "நிறுத்து", "பூட்டு", "கழற்று" என்று. "நிறுத்தப்பட வேண்டும்" என்று எழுதினால் யார் நிறுத்துவது?

அடுத்தது வேர்ட். பழைய ரிப்போர்ட்டைத் திறந்து, அதன் மேலேயே மாற்றி எழுதிச் சேமிக்கிற பழக்கம் எல்லா ஒபிஸிலும் இருக்கிறது. அப்படித்தான் போன மாதத் தேதியும் பழைய மோட்டர் எண்ணும் புது ரிப்போர்ட்டில் தங்கிவிடுகின்றன. சேமிக்கும்போது சாதாரண ஆவணமாக இல்லாமல் 'டெம்ப்ளேட்' வகையாகச் சேமியுங்கள். அதை இரட்டைக் கிளிக் செய்தால் மூலம் திறக்காது, பெயரில்லாத புதுப் பிரதி ஒன்று திறக்கும். தலைப்புகளுக்கு 'ஸ்டைல்' பயன்படுத்துங்கள், கையால் தடிப்பாக்க வேண்டாம். அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடினால் தலைப்பு வரிசை திரும்ப வரும்படி ஒரு தெரிவு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். எண்கள் நிறைய வருகிற லொக்குக்கு எக்செல் நல்லது, 93 விழுந்தால் "ஃபரனைட்டில் எழுதவும்" என்று அதுவே நிறுத்திக் கேட்கும்படி வைக்கலாம். ஆனால் ட்ரையர் பக்கத்தில் கம்பியூட்டர் இருக்காது என்பதால் அங்கே தாள்தான்.

தலைப்பட்டியில் பெயர், எண், எத்தனையாவது பதிப்பு, தேதி, யார் எழுதினார், யார் ஒப்புக்கொண்டார். அவ்வளவு போதும்.

பதுளை கிலாக்கர்

மொழி பற்றி ஒருவரும் பேசவில்லையே. என் அனுபவத்தில் இங்கிலீஷில் வைப்பதுதான் பாதுகாப்பு. கொழும்பு ஹெட் ஒபிஸ் வாசிக்க வேண்டும், ஓடிட்டர் வாசிக்க வேண்டும், சாமானுக்கு ஓடர் போட வேண்டும். மெஷினோடு வந்த புத்தகம் எல்லாம் இங்கிலீஷ். தமிழில் எழுதி வைத்தால் பிறகு யார் மொழிபெயர்ப்பது? அந்த வேலை கடைசியில் கிலாக்கர் தலையில்தான் விழும்.

கொட்டகலை வாசகர்

கிலாக்கர் அண்ணே, வாசிக்கிறவரைப் பற்றிச் சொன்னீர்கள், நிரப்புகிறவரை விட்டுவிட்டீர்கள். எங்கள் இடத்தில் ட்ரையர், றோலர், சிஃப்டர் எல்லாவற்றிலும் தமிழ் ஆட்கள், ஃபிட்டர்மார் இரண்டு பேர் சிங்களம். இங்கிலீஷ் தாள் இருந்த காலத்தில் தெரிந்த ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து எழுதுவார். கண்ட ஆள் ஒருவர், எழுதிய ஆள் வேறொருவர். அதில் என்ன உண்மை இருக்கும்? இப்போது தமிழும் சிங்களமும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தலைப்பில், பதில் யார் எந்த மொழியில் வேண்டுமானாலும். எண்ணுக்கு மொழி இல்லை, அதனால் முடிந்த மட்டும் பதிலை எண்ணாகவோ சரி அடையாளமாகவோ வைத்தோம்.

பாமினி எழுத்துருவில் மட்டும் டைப் செய்யாதீர்கள். அது இங்கிலீஷ் எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தை ஒட்டி வைத்தது போல. அந்த எழுத்துரு இல்லாத கம்பியூட்டரில் திறந்தால் இங்கிலீஷ் எழுத்துகள் கண்டபடி வரும். 'பெயரிங்' என்று தேடினாலும் கிடைக்காது. நிர்மலா எழுத்துருவில் தமிழும் சிங்களமும் இரண்டும் இருக்கின்றன, யூனிகோட், புது விண்டோஸில் கூடவே வருகிறது.

சொற்களையும் பாருங்கள். நாங்கள் முதலில் 'உலர்த்தி', 'வாட்டுத்தொட்டி' என்று போட்டோம். நல்ல தமிழ்தான். ஆனால் 'உலர்த்தி' என்றால் எது என்று ட்ரையரில் இருபது வருடம் நின்றவர் கேட்டார். அவர் வாயில் இருக்கிற சொல் ட்ரையர், ட்ரொஃப். அதையே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டோம்.

ராகலை அக்கா

ஓடிட்டர் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் ஓடிட் ஐஎஸ்ஓ 22000 (உணவுப் பாதுகாப்புத் தரம்) என்றால், 2018ஆம் ஆண்டுப் பதிப்பின் 7.5ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். ஆவணத்துக்கு அடையாளம் வேண்டும், பொருத்தமான வடிவம் வேண்டும், பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது. இன்ன மொழி, இத்தனை கட்டம் என்று அது கேட்கவில்லை. மொழியையும் வடிவத்தையும் நாமே தீர்மானிக்கலாம்.

பதுளை கிலாக்கர்

அக்கா சொல்வது சரி. ஆனால் ஹெட் ஒபிஸுக்கு ஐஎஸ்ஓ புத்தகத்தைக் காட்டிப் பேச என்னால் முடியாது. சாமான் பெயரும் எண்ணும் இங்கிலீஷில் இருக்கட்டும், மற்றதைத் தமிழில் வையுங்கள் என்ற அளவுக்கு நான் வருகிறேன்.

ஊவாக்காற்று (ஹப்புத்தளை)

இன்னொரு பெக்டரியின் டெம்ப்ளேட்டை அப்படியே எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். எங்கள் குரூப்பில் மேற்குப் பக்கத் தோட்டம் ஒன்றின் வாட்டல் தாளை நல்ல தாள் என்று எல்லா பெக்டரிக்கும் அனுப்பினார்கள். அதில் "வாட்டல் நேரம்: 16 மணி" என்று அச்சடித்தே இருந்தது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜூன், ஜூலையில் தென்மேற்கு மழை, காற்றில் ஈரம் சொட்டும், கொழுந்து வாட நேரம் எடுக்கும். அதே ஜூலையில் எங்களுக்கு மலை தாண்டி வருகிற காற்று வறண்டு அடிக்கும். ஊவாத் தேயிலைக்கு அந்த மணம் வருவதே அந்தக் காற்றால்தான். எங்கள் கொழுந்து 16 மணி கிடந்தால் கருகிவிடும்.

வாட்டல்காரர் என்ன செய்தார் தெரியுமா? கொழுந்தைச் சரியான நேரத்தில் இறக்கிவிட்டு, தாளில் 16 என்று எழுதினார். கொழுந்து தப்பியது, ஆனால் அந்தத் தாளை வைத்துப் பிறகு ஒன்றும் கற்றுக்கொள்ள முடியவில்லை.

நாங்கள் மாற்றியது இவ்வளவுதான். 16ஐ அழித்துவிட்டு "பரப்பிய நேரம்", "இறக்கிய நேரம்", "ஈரக்குமிழ் எண், உலர்குமிழ் எண்" (காற்றின் ஈரத்தைக் காட்டும் இரண்டு வெப்பமானி அளவு), அப்புறம் "கையில் பிடித்து விட்டால் உருண்டை நிற்கிறதா, அவிழ்கிறதா". கடைசிக் கேள்வியைப் பார்த்து ஒரு இளம் துரை (தோட்ட அதிகாரி) சிரித்தார். ஆனால் எங்கள் ஆட்கள் வாட்டலைத் தீர்மானிப்பது கையால்தான். தாள் அதைக் கேட்காமல் விட்டால் அந்த அறிவு அவரோடு பென்ஷனில் போய்விடும்.

நோட்டன்பிரிட்ஜ் ஒப்பரேட்டர்

நான் சின்ன நீர்மின் நிலையம் ஒன்றில். தேயிலை தெரியாது, லொக் தெரியும். தாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கட்டத்துக்குச் சாம்பல் நிறம் போடாதீர்கள், மூன்றாவது போட்டோகொப்பியில் கறுப்பாகிவிடும், மேலே எழுதினால் தெரியாது. இடப்பக்கம் மூன்று சென்டிமீட்டர் விடுங்கள், ஃபைலுக்கு ஓட்டை போடும்போது முதல் வரிசை போகாது. எழுத்து 14க்குக் குறைய வேண்டாம், இரவில் அந்த பல்ப் வெளிச்சத்தில் வாசிக்க வேண்டும். கிளிப் போட்ட பலகையில் நூல் கட்டிய பென்சில். பேனை ஈரத்தில் எழுதாது, நூல் கட்டாத பென்சில் காலையில் இருக்காது.

பழைய டீமேக்கர்

ஒப்பரேட்டர் தம்பி சொன்னது அத்தனையும் உண்மை. 'குறிப்பு' என்று கடைசியில் ஒரு அகலமான கட்டம் எல்லோரும் வைப்பார்கள். அதை நான் வைப்பதில்லை. அது சோம்பேறிக் கட்டம். கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டு, அவரே நினைத்து எழுதட்டும் என்பது போல.

நோர்வூட் ஃபிட்டர்

இதில் மட்டும் ஐயாவோடு நான் ஒத்துப்போகவில்லை. தாள் எழுதியவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே நினைத்திருக்க மாட்டார். ஒருமுறை றோலர் மோட்டர் வயரை மாற்றிப் பூட்டி, மறுபக்கம் சுற்றியது. அதை எழுத எந்தத் தாளில் கட்டம் இருக்கிறது? வெற்றிடத்தில்தான் எழுதினேன். அதை வாசித்துத்தான் பிறகு "ஓட்டும் முன் சுற்றும் திசை பார்" என்று செய்முறையில் ஒரு வரி சேர்த்தார்கள்.

பழைய டீமேக்கர்

அந்த வரி எப்படி வந்தது என்று சொன்னீர்களே, அது நல்ல நியாயம். ஆனாலும் மாதம் ஒருமுறை யாராவது அந்தக் கட்டத்தை உட்கார்ந்து வாசித்தால்தான். வாசிக்க ஆள் இல்லாவிட்டால் நான் சொன்னதுதான் நடக்கும்.

மடுவத்துத்தம்பி (மூன்று வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும், சொன்னபடி செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

27 கட்டத்தையும் எடுத்து ஒவ்வொன்றுக்கும் "யார் வாசிக்கிறார்" என்று எழுதினேன். ஒன்பதுக்குத்தான் பெயர் வந்தது. அந்த ஒன்பதையும் எடுத்துக்கொண்டு இரவு ஷிஃப்ட் அண்ணனிடம் போனேன். "நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்" என்று வேர்க்‌ஷொப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் இரண்டை வெட்டினார், ஒன்றைச் சேர்த்தார். அவர் சேர்த்தது "இப்போதைக்குச் செய்ததா, முழுதாகச் செய்ததா". இரவில் நிறைய வேலை தற்காலிகம், பகலில் யாரும் அதைத் திரும்பப் பார்ப்பதில்லை என்றார். எனக்கு இத்தனை நாளும் அது தெரியாது.

இப்போது ஒரு பக்கம். எந்த மெஷின், எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு ஓடியது. நிற்பதற்கு முன் என்ன சத்தம், மணம், சூடு. என்ன கழற்றினீர்கள். போட்ட சாமானின் எண், வெட்டியிருக்கிறபடி முழுதாக. தற்காலிகமா முழுதா, சரி அடையாளம் மட்டும். கீழே கோடு போடாத வெற்றிடம் கால் பக்கம், தலைப்பு "வேறு என்ன பார்த்தீர்கள்". பெயர் அது, குறிப்பு இல்லை. தமிழும் சிங்களமும் தலைப்பில், சாமான் எண் இங்கிலீஷில்.

இதுவரை ஆறு ரிப்போர்ட் வந்திருக்கிறது. நேற்றிரவு வந்தது இது. மெஷின்: இரண்டாம் நம்பர் ட்ரொஃப் ஃபேன். நின்றது 1.20, ஓடியது 2.05. முன்னால்: "சாக்கு கிழிக்கிற மாதிரி சத்தம், இரண்டு நாளாக. பின் மூடி கை வைக்க முடியாத சூடு." சாமான்: 6206 இசட்இசட் சி3. தற்காலிகம். வேறு: "பெல்ட் கூட இழுத்துக் கட்டியிருந்தது. முன் பெயரிங்கும் மாற்ற வேணும், ஸ்டோரில் ஒன்றும் இல்லை." தாள் ஓரத்தில் கிரீஸ் விரல் அடையாளம் இரண்டு.

காலையில் அதை வைத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போய் நான்கு பெயரிங்குக்கு ஓடர் எழுதினேன். "இரண்டு நாளாக" என்று இருப்பதைப் பார்த்து எங்கள் பெக்டரி டீமேக்கர் ஐயா ட்ரொஃப் லொக்கில் "புதுச் சத்தம் ஏதும்?" என்று ஒரு கட்டம் போடலாமா என்று கேட்டார். யார் வாசிப்பார் என்று கேட்டேன். ஒவ்வொரு நாளும் காலை பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) முன்னால் தானே வாசிப்பதாகச் சொன்னார். சேர்த்துவிட்டேன், பதிப்பு 3.

செய்முறைத் தாள்கள் இன்னும் தொடங்கவில்லை. றோலருக்கு இருக்கிற இரண்டு தாளில் எந்த நேரம் சரி என்று முதலில் பார்க்க வேண்டும், இந்த வாரம் மூன்று ஷிஃப்ட்டிலும் கடிகாரத்தோடு நிற்கப் போகிறேன். ஊவாக்காற்று அண்ணே, உங்கள் வாட்டல் தாளை ஒரு போட்டோ எடுத்துப் போட முடியுமா? 16ஐ இங்கேயும் அழிக்க வேண்டியிருக்கும் போல, ஜனவரி, பெப்ரவரியில் எங்களுக்கும் காற்று வறண்டுவிடும்.

ஊவாக்காற்று

நாளைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் போடுகிறேன் தம்பி. குமிழ் எண்கள் இருக்கிற வரிசையில் எங்கள் உயரத்துக்கான அளவு அச்சடித்திருக்கிறது, அதை அழித்துவிட்டு உங்கள் ட்ரொஃப்பில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.